விரும்பிக் கேட்பவர்கள்

பெரம்பலூர், அரியலூர்க்காரங்களுக்குக் கடல் என்பது வேளாங்கண்ணிக்கோ பூம்புகாருக்கோ பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிற சமாச்சாரம். காரை கிராமத்து ஓடைகளில் குனிந்து தேடினால் கல்லாகிப் போன கடல் சிப்பி கிடைக்கும். ஏறக்குறைய பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்திருக்கிறது. நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். ஆனால் 1950களிலும் 60களிலும் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் ஓடின சினிமாப் பாட்டில் பெரும்பங்கு கடல் தாண்டித்தான் வந்தது. வந்த இடம் கொழும்பு.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர், பாடினவர் எல்லாரும் சென்னையில் இருக்கிறார்கள். இசைத்தட்டு அச்சாவது கல்கத்தா பக்கத்து டம்டம்மில். கேட்கிறவர் வேப்பந்தட்டையில். ஆனால் அவர் அந்தப் பாட்டைக் கேட்கணும் என்றால் இன்னொரு நாட்டு வானொலிக்கு முள்ளைத் திருப்ப வேண்டும். இந்தக் கோணல் எப்படி வந்தது, அதனால் எங்க பக்கத்து மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1

1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். 1962 வரை அந்தப் பதவியில் இருந்தார். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்று உள்ள மனுஷர். சினிமாப் பாட்டு மலிவானது, மேற்கத்திய மெட்டுக்களைக் காப்பியடிப்பது, மக்களின் ரசனையைக் கெடுப்பது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரம் சுருங்கியது. அதோடு இன்னொரு முடிவும் வந்தது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரம், ஆகவே படத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், பாடகர் பெயர் மட்டும் போதும். கடுப்பான படத் தயாரிப்பாளர்கள் தங்கள் பாட்டுகளை ஒலிபரப்பக் கொடுத்திருந்த உரிமத்தைத் திரும்பப் பெற்றார்கள். சட்டம் போட்டுத் தடை செய்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் நாட்டின் ஒரே வானொலியிலிருந்து நாட்டின் மிகப் பிரபலமான இசை ஏறக்குறையக் காணாமல் போனது.

'பெயரைச் சொல்ல வேண்டாம்' என்ற அந்தச் சின்ன உத்தரவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தக் காலியிடத்தில்தான் ரேடியோ சிலோன் வந்து உட்கார்ந்தது. அதன் பலம் போரிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை, கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பியை நிறுவியது. தூர தேசங்களில் இருக்கும் சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் போடத்தான். போர் முடிந்தது, சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள், கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. நடத்த வந்தவர் கிளிஃபர்ட் டாட் என்ற ஆஸ்திரேலியர். இந்தியக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்தன. பம்பாயில் நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது காற்றில் இந்தியாவுக்கே திரும்பி வந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பெரம்பலூரிலிருந்து நேர்க்கோட்டில் கொழும்பு சுமார் 500 கிலோமீட்டர். டெல்லி அதைப்போல நாலு மடங்கு தூரம். அரசாங்கம் டெல்லியில், பாட்டு கொழும்பில். எது பக்கம் என்று காதுக்குத் தெரியும்.

அதுக்காக ஆல் இந்தியா ரேடியோவை மட்டம் தட்டினால் அது நியாயம் இல்லை. 1939இல் தொடங்கின திருச்சி நிலையம்தான் எங்க பக்கத்து வானொலி. பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டதும் கச்சேரி கேட்டதும் அதில்தான். 1966 வாக்கில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகத்தைத் திருச்சி வானொலி விவசாய நிகழ்ச்சிகள் மூலம் தஞ்சை டெல்டா முழுக்கப் பரப்பியது. விவசாயிகள் அதுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். ஒரு வானொலி தன் பேரை ஒரு நெல்லுக்குக் கொடுத்திருக்கிறது என்றால் சும்மா இல்லை. ஆனால் மனுஷனுக்கு நெல் மட்டும் போதாது. அறுப்பு முடிந்து வந்து உட்கார்ந்தவனுக்கு ஒரு பாட்டு வேண்டும். அது கொழும்பில் இருந்தது.

2

இதே நாடகம் சில வருஷம் கழித்து இங்கிலாந்திலும் நடந்தது. அங்கே இன்னும் வேடிக்கை.

அங்கேயும் வானொலி என்றால் பிபிசி ஒன்றுதான். இசைத்தட்டுக் கம்பெனிகளோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் போட்ட ஒப்பந்தப்படி, வாரத்துக்கு இத்தனை மணிநேரத்துக்கு மேல் தட்டு போடக்கூடாது. ஊரெல்லாம் பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்து அலைகிறது. வானொலியில் அளந்து ஊற்றுகிறார்கள். ரோனன் ஓ'ராஹிலி என்ற ஐரிஷ் இளைஞர் ஒரு கப்பலை வாங்கி, ஒலிபரப்பிக் கோபுரம் நட்டு, ஃபீலிக்ஸ்டோ கரைக்கு எதிரே நங்கூரம் போட்டார். அன்றைக்கு பிரிட்டனின் கடல் எல்லை மூன்று மைல். அதைத் தாண்டி நின்றால் பிரிட்டிஷ் சட்டம் தொடாது. 1964 மார்ச் 28 அன்று ரேடியோ கரோலைன் பாட ஆரம்பித்தது. அந்த வருஷம் டிசம்பரில் ரேடியோ லண்டன் என்ற இன்னொரு கப்பல் வந்தது. அதுக்கு முன்னாலேயே, 1960இல், ஹாலந்துக் கரைக்கு எதிரே ரேடியோ வெரோனிகா வந்திருந்தது.

பத்திரிகைகள் இவற்றைக் கடற்கொள்ளை வானொலி என்று அழைத்தன. இவர்களின் முக்கியமான ஆயுதம் 'டாப் 40' பட்டியல். நாற்பது பாட்டு, வாரம் ஒரு வரிசை, இந்த வாரம் எது ஏறியது எது இறங்கியது. ரேடியோ லண்டன் தன் பட்டியலுக்கு 'ஃபேப் ஃபார்ட்டி' என்று பேர் வைத்தது. அது தட்டு விற்பனையை எண்ணிப் போட்ட பட்டியல் அல்ல. நிலையத்துக்காரர்களே உட்கார்ந்து தீர்மானித்தது. அதனால் ஒரு பாட்டு கடையில் விற்று மேலே வருவதுக்கு முன்னாலேயே கப்பலில் மேலே வந்துவிடும். கப்பலில் மேலே வந்தது என்பதாலேயே பிறகு கடையிலும் விற்கும். கரோலைனில் கடைசிக் காலத்தில் கம்பெனிகளிடம் காசு வாங்கிக்கொண்டு பாட்டு போட்ட கதையும் உண்டு. பட்டியல் கணக்கு மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் யாரோ ஒருத்தர் கை இருக்கும்.

ரேடியோ சிலோன் கொள்ளை வானொலி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு நாட்டு அரசின் முறையான நிலையம். ஆனால் கேட்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேலை ஒன்றுதான். உள்நாட்டு அரசு கொடுக்க மறுத்ததைக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விளம்பரக் காசில், இலவசமாகக் கொடுத்தது.

பட்டியல் விஷயத்தில் கொழும்பு கப்பல்களுக்கு முன்னோடி. 1952 டிசம்பர் 3 அன்று பினாகா கீத்மாலா தொடங்கியது. பினாகா என்பது சீபா கம்பெனியின் பற்பசை. தொகுப்பாளர் அமீன் சயானி, அப்போது ஏறக்குறைய இருபது வயது. ஆரம்பத்தில் பாட்டுகளை வரிசையில்லாமல் கலைத்துப் போட்டு, நேயர்கள் சரியான வரிசையை எழுதி அனுப்பும் போட்டியாகத்தான் இருந்தது. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்ததாகவும், சீக்கிரமே அது வாரத்துக்கு 65,000 ஆனதாகவும் சயானி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் பிரித்துப் பார்க்க ஆள் எங்கே? போட்டியைக் கைவிட்டு, தரவரிசை நிகழ்ச்சியாக மாற்றினார்கள். கடைகளில் தட்டு விற்ற கணக்கு ஒரு பக்கம். ஊர் ஊராக முளைத்த நேயர் மன்றங்கள் அனுப்பும் பட்டியல் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வரிசை போட்டார்கள். ஒவ்வொரு இடத்தையும் சயானி ஒரு படிக்கட்டு என்றார். புதன்கிழமை ராத்திரி ஒவ்வொரு படியாக ஏறி உச்சிக்குப் போவார். கரோலைன் கப்பல் கடலில் இறங்குவதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் தொடங்கின கதை இது.

3

ஆனால் எங்க பக்கத்துக்கு வந்த பட்டியல் வேறு மாதிரி. அதில் எண் கிடையாது. பேர் மட்டும்தான்.

ரேடியோ சிலோனின் தமிழ் வர்த்தக சேவையை எடுத்து நிறுத்தின குரல் எஸ்.பி. மயில்வாகனன். அவருக்குப் பின்னால் ஒரு படையே வந்தது. ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று எங்க தாத்தா பாட்டி தலைமுறை சொந்தக்காரங்க பேரைச் சொல்வதுபோலச் சொல்லும். 'பொங்கும் பூம்புனல்', 'நேயர் விருப்பம்', 'பிறந்தநாள் வாழ்த்து' என்று நிகழ்ச்சிகள். ஒரு பாட்டு வருவதுக்கு முன்னால் என்ன நடக்கும்? படத்தின் பேர் சொல்வார்கள். இசையமைத்தவர் பேர், எழுதியவர் பேர், பாடியவர் பேர். ஆல் இந்தியா ரேடியோ வேண்டாம் என்று வெட்டின அத்தனை பேரும் இங்கே உண்டு. அதுக்கு மேல் இன்னொரு பட்டியலும் உண்டு. அதுதான் விரும்பிக் கேட்பவர்கள் பட்டியல். ஊர் பேர், அந்த ஊரில் இன்னார், இன்னார், இன்னார், மற்றும் குடும்பத்தினர், அடுத்த ஊர்.

பாட்டு மூணு நிமிஷம். பேர் வாசிப்பு சில சமயம் அதில் பாதிக்கு வந்துவிடும். இப்போது கேட்டால் பொறுமை இருக்காது. அன்றைக்கு அந்த வாசிப்புதான் நிகழ்ச்சி. பாட்டு அதுக்குக் கிடைத்த பரிசு.

கொஞ்சம் யோசித்தால் இதுவும் ஒரு தரவரிசை என்று புரியும். ஒரு பாட்டுக்கு முன்னால் எத்தனை பேர் வாசிக்கப்படுகிறதோ அதுதான் அதன் இடம். நாலு பேர் வாசித்தால் சுமாரான பாட்டு. மூச்சு முட்ட வாசித்து, 'இன்னும் பலர்' என்று முடித்தால் அது இந்த மாசத்துப் பாட்டு. யாரும் 'இது முதலிடம்' என்று சொல்ல வேண்டியதில்லை, கேட்கிறவருக்கே தெரியும். லண்டன் கப்பலின் பட்டியலில் பாட்டுக்கு எண் இருந்தது, கேட்டவர் யார் என்று இல்லை. தமிழ்ச் சேவையின் பட்டியலில் கேட்டவர் பேர் இருந்தது, எண் இல்லை.

அந்தப் பட்டியலில் இடம் பிடிக்க என்ன வேண்டும்? ஒரு தபால் அட்டை, பேனா, காத்திருக்கப் பொறுமை. எழுதத் தெரியாதவங்களுக்கு ஊரில் படித்த பையன் ஒருத்தன் எழுதிக் கொடுப்பான். எழுதுகிறவன் தன் பேரையும் நடுவில் சேர்த்துக்கொள்வான். ஒரே அட்டையில் கூட்டாளிகள் பத்துப் பேர் பேரை நெருக்கி எழுதுவார்கள். பொம்பளைப் பிள்ளை பேர் ரேடியோவில் வந்தால் ஊர் ஒரு மாதிரி பேசும் என்று அண்ணன் பேருக்குப் பின்னால் தங்கச்சி பேரை ஒளித்து வைத்த வீடுகள் உண்டு. ஒரு பேருக்கும் இன்னொரு பேருக்கும் நடுவில் இருந்த காதல், அறிவிப்பாளருக்குத் தெரியாமலே இரண்டு நாட்டுக்கும் அறிவிக்கப்பட்டதும் உண்டு. அட்டையைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் ரேடியோ பக்கத்திலேயே கிடப்பார்கள். சிற்றலை அப்படி ஒன்றும் உத்தரவாதமான ஆள் இல்லை. அலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரவேண்டும். சத்தம் பொங்கும், வடியும், நடுவில் சீன பாஷை புகுந்துவிடும். சரியாக நம்ம பேர் வருகிற நேரம் பார்த்து வடிந்துவிட்டால்? பக்கத்து ஊர்க்காரன் கேட்டு வந்து சொன்னால்தான் உண்டு.

ரேடியோ வீட்டுக்கு வீடு கிடையாது. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் வால்வு செட் வாங்குவது என்பது மாடு வாங்குகிற மாதிரி. வாங்கினாலும் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். கரண்ட் வராத ஊர் என்றால் பேட்டரி. அதனால் டீக்கடை, சலூன், பஞ்சாயத்துக் கட்டடம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் புனல் கட்டிப் பாட்டு போடுகிறவரின் சாமானுக்கு எங்க பக்கம் 'ரேடியோ செட்' என்றே பேர். ரேடியோ இல்லை, மைக்கும் தட்டும்தான். ஆனாலும் அந்தப் பேர். அவர் எந்தத் தட்டைக் காசு போட்டு வாங்குவது என்று தீர்மானிக்கக் கையில் இருந்த ஒரே கணக்கு, கொழும்பு வாசிக்கிற பேர்களின் நீளம். செந்துறை முந்திரித் தோப்பு ஊரிலும் செட்டிகுளத்து வெங்காயக்காட்டு ஊரிலும் ஒரே வாரத்தில் ஒரே பாட்டு புனலில் அலறினது இப்படித்தான்.

இதில் வியாபாரம் இல்லாமல் இல்லை. பேர் வாசிப்பதுக்கு நிலையத்துக்குச் செலவு கிடையாது. ஒவ்வொரு அட்டையும் விளம்பரக் கம்பெனியிடம் காட்டுகிற சாட்சி: இத்தனை பேர் கேட்கிறார்கள் பாருங்கள், சோப்பும் பற்பசையும் வாங்கப் போகிறவர்கள் இவர்கள்தான். பேர் எழுதிப் போட்டவர் தன்னையே சரக்காக்கி இலவசமாக அனுப்பினார் என்றுகூடச் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை.

மீதிப் பாதி இது. வேப்பந்தட்டை, குன்னம், லப்பைக்குடிகாடு, ஆண்டிமடம், தா.பழூர் மாதிரி ஊர்களின் பேர் அன்றைக்கு எங்கே அச்சாகும், எங்கே ஒலிக்கும்? தாலுகா ஆபீஸ் ரிக்கார்டில், ஓட்டர் லிஸ்டில், கோர்ட்டு சம்மனில். பேரைக் கூப்பிடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் வரியோ வழக்கோ. காரணமே இல்லாமல், 'இவருக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்' என்பதுக்காக மட்டும் ஒருத்தர் பேரை மரியாதையாகச் சொன்ன இடம் அநேகமாக அது ஒன்றுதான். அதோடு இன்னொன்று. டீக்கடையில் தனிக் குவளை இருந்த காலம் அது. எந்தத் தெருக்காரன் எங்கே உட்காரலாம் என்று சொல்லாமலே தெரியும். ரேடியோ இருந்த இடம் பெரும்பாலும் ஊர்த்தெரு. ஆனால் கொழும்புக்குப் போன அட்டையில் தெரு வாசிக்கப்படுவதில்லை. பேரும் ஊரும்தான். தெருவுக்கு வெளியே நின்று கேட்டவன் பேரும் தெருவுக்குள் உட்கார்ந்து கேட்டவன் பேரும் ஒரே மூச்சில், ஒரே மரியாதையில் வந்தன. புரட்சி ஒன்றும் இல்லை, பாட்டு முடிந்ததும் குவளை பழையபடிதான். ஆனாலும் அந்த ஒரு மூச்சு நடந்தது.

4

அதே வருஷங்களில் வேறு பட்டியல்களும் தயாராகிக்கொண்டிருந்தன.

1956 ஜூனில் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழுக்கு ஆட்சிமொழி இடம் இல்லை என்று ஒரு நாடு சட்டம் போட்ட பிறகுதான், அந்த நாட்டு வானொலியில் அத்தனை நறுக்கான தமிழ் பேசினார்கள். 'ழ'வை 'ழ'வாகச் சொன்ன அந்த அறிவிப்பாளர்களை இங்கே நாம் வியந்து கேட்டுக்கொண்டிருந்தோம். தபால் ஆபீஸில், கச்சேரியில் அவர்களுக்கு அந்த மொழி செல்லாக்காசாகிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம் 1964 ஜனவரி 25 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்து ஒருத்தர் திருச்சி ரயில் நிலையத்தின் முன்னால் தீக்குளித்தார். கீழப்பழுவூர் சின்னசாமி. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் இருக்கிற ஊர் கீழப்பழுவூர். கொழும்பு ரேடியோவை ஏன் எங்க பக்கம் தங்களுடையதாக நினைத்தது என்பதுக்குப் பாட்டு மட்டும் காரணமாக இருக்க முடியாது. டெல்லியின் குரல் எந்த மொழியில் வரப்போகிறது என்ற பயம் இருந்த ஊரில், தன் பேரைத் தன் மொழியில் பிசகில்லாமல் சொல்கிற ஒரு குரல் சாதாரண விஷயம் இல்லை.

அதே 1964. அக்டோபர் 30 அன்று டெல்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. சாஸ்திரியை எங்க ஊர் வேறு காரணத்துக்காக அறியும். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டவர் அவர். ஒவ்வொரு உயிருக்கும் கணக்கு சொல்ல வேண்டும் என்று நினைத்த மனுஷர். எட்டு வருஷம் கழித்து அவர் போட்ட கையெழுத்தில் இருந்தவை எண்கள்: இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் இருந்த ஏறக்குறைய 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். போகிறவர் யார், இருக்கிறவர் யார் என்று அந்த மக்களைக் கேட்டு எழுதின பட்டியல் இல்லை அது. முதலில் எண்; பேரை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.

இது எங்கேயோ நடந்த கதை அல்ல. 'கண்டிச்சீமை'க்கு ஆள் எடுத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமை அலுவலகம் திருச்சியில்தான் இருந்தது. தோட்டத்துக்குப் போன சனத்தில் அன்றைய திருச்சி மாவட்டத்துக்காரங்க கணிசம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான். நாலு தலைமுறை முன்னால் கண்டிக்குப் போய்த் தொடர்பு அற்றுப்போன குடும்பத்தின் பேரன்கள், ராமேஸ்வரத்தில் கப்பல் விட்டு இறங்கி, மண்டபம் முகாமில் தகரப் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து 'நேயர் விருப்பம்' கேட்டவர்களும் அந்த வரிசையில் இருந்திருப்பார்கள். ரேடியோவில் பேராக இருந்தவர்கள் ஒப்பந்தத்தில் எண்ணாக வந்து இறங்கினார்கள்.

ஒரே கடல், ஒரே பத்தாண்டு. ஒரு பட்டியல் ஆளுக்குப் பேர் வைத்துக் கூப்பிட்டது. இன்னொரு பட்டியல் தலையை எண்ணிப் பங்கு போட்டது.

5

1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவோடு கப்பல் வானொலிகளுக்கு எதிரான பிரிட்டிஷ் சட்டம் அமலுக்கு வந்தது. ரேடியோ லண்டன் அன்று பிற்பகலிலேயே மூடிக்கொண்டது. கரோலைன் இன்னும் சில மாசம் முரண்டு பிடித்தது. செப்டம்பர் 30 அன்று பிபிசி தானே ஒரு பாப் நிலையம் தொடங்கியது, ரேடியோ 1. முதல் நாள் காலை அதில் பேசினவர் கப்பலில் பேசிப் பேர் வாங்கின டோனி பிளாக்பர்ன். கொள்ளைக்காரனை ஒழித்துவிட்டு அவன் கடையை அரசாங்கமே நடத்தியது.

இந்தியாவும் அதே வழிதான். 1957 அக்டோபர் 3 அன்றே விவித் பாரதி வந்துவிட்டது, சினிமாப் பாட்டுக்குத் தனிச் சேவை. ஆனால் விளம்பரம் கிடையாது. ரேடியோ 1 தொடங்கி ஒரே மாசத்தில், 1967 நவம்பர் 1 அன்று, பம்பாய்ப் பக்கத்தில் விவித் பாரதி விளம்பரமும் வாங்க ஆரம்பித்தது. மெல்ல மெல்லப் பாட்டுக்காகக் கடல் தாண்ட வேண்டிய கட்டாயம் போனது. படத்தின் பேரைச் சொல்லக்கூடாது என்றவர்கள் நேயர் பேரையே வாசிக்க ஆரம்பித்தார்கள். 'நேயர்' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் கொழும்பிலிருந்து எடுத்துக்கொண்டோம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆனாலும் எழுபதுகள் முழுக்க எங்க பக்கம் கொழும்பை விடவில்லை. கே.எஸ். ராஜாவின் வேகத்துக்கும் அப்துல் ஹமீதின் நிதானத்துக்கும் இங்கே கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். பிறகு 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். அன்றைக்கும் ஒரு பட்டியல் புழங்கியது என்பார்கள் தப்பித்து வந்தவர்கள்: எந்த வீடு தமிழ் வீடு, அதில் இருப்பவர் பேர் என்ன. பேர் சொல்லிக் கூப்பிடுவது எப்போதும் அன்புக்காக மட்டும் இல்லை. பின்னாளில் கே.எஸ். ராஜாவும் கொழும்பில் கொல்லப்பட்டார்.

எத்தனை ஆயிரம் ஊர் பேரை அந்த மனுஷர் உச்சரித்திருப்பார்! பெரம்பலூர் பக்கத்து ஒரு மனுஷனின் பேரை அவன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உலகத்துக்குச் சொன்ன வாய் அதுவாக இருந்திருக்கலாம். அவருடைய பேரை நாம் பதிலுக்கு எத்தனை தடவை சொன்னோம்?

இப்போது ஒரு பாட்டு வந்த ராத்திரியே எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்று எண் வந்துவிடுகிறது. அந்த எண்ணில் நீங்களும் ஒருத்தர், நானும் ஒருத்தர். சரியான கணக்குதான், ஃபேப் ஃபார்ட்டியை விடச் சுத்தமான கணக்காகக்கூட இருக்கலாம். அதுமேல் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. அது வேறு காரியத்துக்கான பட்டியல், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் எழுபது தாண்டினவர்கள் இருந்தால், குறிப்பாகப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இருந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்க பேர் எப்பவாவது சிலோன் ரேடியோவில் வந்ததா? வந்திருந்தால் பாட்டு எது என்று உடனே சொல்வார்கள். கூட வாசித்த பேர்களையும் சொல்வார்கள், அதில் பாதிப் பேர் இப்போது இல்லை என்பதையும் சேர்த்து. பரணில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடக்கலாம், பாட்டு வரிசை குறித்து வைத்த நோட்டு கிடக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். அவர்கள் சொல்கிற பேர்களை அந்த நோட்டின் காலிப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஊர் பேரோடு.